புலி வருது, சுனாமி வருது!

2025 ஜூலை 30. மதியம் ஆபீஸ் கேன்டீன்ல டிவி ஓடிட்டிருந்துச்சு. ரஷ்யாவோட கம்சட்கா தீபகற்பத்துக்குப் பக்கத்துல கடலுக்கடியில 8.8 அளவுல நிலநடுக்கம். ஜப்பான்ல கிட்டத்தட்ட 20 லட்சம் பேரை மேடான இடத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க. ஹவாய்ல கார்கள் வரிசைகட்டி நிக்குது. கடைசியில ஜப்பான்ல பதிவான பெரிய அலையே 1.3 மீட்டர்தான்.

பக்கத்துல சாம்பார் சாதத்தைப் பிசைஞ்சிட்டிருந்த நண்பர் சொன்னார்: "ஒரு மீட்டருக்கா இவ்ளோ பில்டப்பு? புலி வருது கதைதான்."

நான் பதில் சொல்லல. சொல்லணும்னா என் பாட்டியை நாற்காலியோட தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி இறங்கின கதையில இருந்து ஆரம்பிக்கணும். அது கேன்டீன்ல முடியுற கதை இல்ல. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

கொசுவத்தி சுத்தியாச்சு. 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. நான் ஒன்பதாம் வகுப்பு, முழுப்பரீட்சை நேரம். வீடு திருவான்மியூர்ல, மூணாவது மாடி. கடல் ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. மதியம் ரெண்டேகால் வாக்குல புத்தகத்தை வெச்சுக்கிட்டுத் தூங்கிட்டிருந்தேன் (படிச்சிட்டிருந்தேன்னு அம்மாகிட்ட சொல்லியிருந்தேன்). கட்டில் யாரோ பிடிச்சு ஆட்டுற மாதிரி இருந்துச்சு. கண்ணைத் திறந்தா, போடாத ஃபேன் ஊஞ்சல் மாதிரி ஆடுது.

அம்மா கத்தினாங்க, "எல்லாரும் கீழ இறங்குங்க!" பாட்டிக்கு முட்டிவலி, படி இறங்க முடியாது. எதிர்வீட்டு மாமாவும் நானும் பிளாஸ்டிக் நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிட்டு இறங்கினோம். கீழ வந்து பார்த்தா மொத்த அபார்ட்மென்ட்டும் தெருவுல. செல்போன்ல யாருக்கும் லைன் கிடைக்கல.

கொஞ்ச நேரத்துல ஒருத்தர் வீட்டு டிவியில பார்த்துட்டு ஓடிவந்தார். "சுமத்ரா பக்கத்துல 8க்கு மேலயாம். சுனாமி எச்சரிக்கை குடுத்திருக்காங்க!"

இப்பதான் பிரச்சினை. நிலநடுக்கம்னா இறங்கணும். சுனாமின்னா ஏறணும். தெருவுல நாப்பது அம்பது பேர், பாதிப் பேர் ஏறலாம்னாங்க, பாதிப் பேர் பைக்கை எடுத்துக்கிட்டு உள்பக்கமா போயிடலாம்னாங்க. பாட்டி சொன்னது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு: "என்னை இங்கயே விட்டுட்டு நீங்க போங்கடா." திட்டிக்கிட்டே மறுபடி தூக்கிக்கிட்டு ஏறினோம். மொட்டை மாடி வரைக்கும்.

நாலேகாலுக்கு மேல இன்னொரு ஆட்டம். சிலர் மறுபடி இறங்கினாங்க. பாட்டி மட்டும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, "இனிமே நான் எங்கயும் வரல"ன்னுட்டாங்க :-) சாயந்திரம் ஆறு மணி வாக்குல எச்சரிக்கையைத் திரும்ப வாங்கிட்டாங்க. மொட்டை மாடியில இருந்து பார்த்தா கடல் எப்பவும் போல இருந்துச்சு.

* * *

அன்னிக்கு நடந்தது என்னன்னு இப்ப திரும்பிப் பார்த்தா, அது ஒரு அதிசய நிலநடுக்கம்.

இந்திய நேரம் மதியம் 2:08க்கு வந்தது 8.6. அடுத்து 4:13க்கு 8.2. மையம் அச்சே மாகாணத்துக்குத் தென்மேற்கே, நடுக்கடல்ல. 2004க்குக் காரணமான அதே சுமத்ரா பக்கம்தான். ஆனா இடம் கொஞ்சம் தள்ளி, விதம் முழுசா வேற.

2004ல என்ன ஆச்சு? இந்தியத் தட்டு பக்கத்துத் தட்டுக்கு அடியில சொருகிக்கிட்டுப் போற இடம் அது. பல காலமா மாட்டிக்கிட்டு அழுத்தம் சேர்ந்து, ஒருநாள் விடுபட்டப்போ சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளந்து, கடல்தரை சில மீட்டர் மேல எழும்புச்சு. தரை எழும்பினா அதுக்கு மேல நிக்கிற மொத்தத் தண்ணியும் எழும்பும். அதுதான் சுனாமி.

2012ல தட்டுக்கு நடுவுலயே வெடிப்பு. ரெண்டு பக்கமும் ஒன்றையொன்று உரசிக்கிட்டுப் பக்கவாட்டுல நகர்ந்துச்சு. தண்ணித் தொட்டிக்குள்ள கையை விட்டு அடியில இருந்து மேல ஒரு தள்ளு தள்ளிப் பாருங்க, தண்ணி தளும்பி வெளிய விழும். அதே கையைத் தொட்டியோட தரையில ஒட்டி இடம் வலமா நகர்த்துங்க, மேல லேசா அசையும், அவ்வளவுதான். கருவிகள்ல பதிவானதுலயே மிகப் பெரிய பக்கவாட்டு நிலநடுக்கம் இதுதான். அப்படியிருந்தும் சுமத்ராவோட மெலாபோ ஊர்ல ஏறின அலை சுமார் ஒரு மீட்டர்.

"அப்ப முதல்லயே சொல்லியிருக்கலாமே"ன்னு கேப்பீங்க. நிலநடுக்கம் எங்க, எவ்வளவு பெருசுன்னு சில நிமிஷத்துல கணக்குப் போட்டுடலாம். தரை எழும்புச்சா, நகர்ந்துச்சான்னு சொல்ல இன்னும் நிறைய அதிர்வுப் பதிவுகள் வரணும். கடல்ல உண்மையாவே அலை கிளம்பியிருக்கான்னு பார்க்க, கடலடி அழுத்தத்தை அளக்கிற கருவிகளையும் துறைமுகங்கள்ல இருக்கிற அலைமானிகளையும் அலை கடக்கிற வரைக்கும் காத்திருக்கணும். அதுவரைக்கும் காத்திருந்தா பக்கத்துல இருக்கிறவனுக்குச் சொல்ல நேரமே இருக்காது. அதனால அளவையும் இடத்தையும் வெச்சு முதல்ல மணியை அடிச்சுடுவாங்க, அப்புறம் குறைச்சுக்கிட்டு வருவாங்க. நடைமுறையே அதுதான்.

ஹைதராபாத்ல இருக்கிற இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் அன்னிக்கு சுமார் பத்து நிமிஷத்துக்குள்ள முதல் அறிவிப்பைக் குடுத்திடுச்சு. இன்னொரு விஷயம், அது எல்லா ஊருக்கும் ஒரே எச்சரிக்கையைக் குடுக்கல. நிக்கோபார் பக்கத்துக்குத்தான் உச்சநிலை. நம்ம கடற்கரைக்கு அதைவிடக் குறைஞ்ச படி. கடற்கரையை விட்டு விலகி இருங்கன்னு அர்த்தம், ஊரைக் காலி பண்ணுங்கன்னு இல்ல. எங்க தெருவுல நின்ன அம்பது பேர்ல ஒருத்தருக்கும் இப்படிப் படிகள் இருக்குன்னே தெரியாது. எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தைதான்: சுனாமி.

* * *

அந்த வார்த்தை நமக்கு எப்ப தெரிஞ்சுது? 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் ஊர்ல பெரும்பாலான பேர் கேள்விப்படாத வார்த்தை. கபாடபுரத்தைக் கடல் கொண்ட கதை நம்ம இலக்கிய மரபுல இருக்கு. கடல்கோள்னு வார்த்தை இருக்கு. ஆனா புயலுக்குப் பயப்படத் தெரிஞ்ச அளவுக்கு இதுக்குப் பயப்பட யாருக்கும் தெரியாது.

இத்தனைக்கும் 1881 டிசம்பர் 31ல கார்நிக்கோபார் பக்கத்து நிலநடுக்கத்தால ஒரு சின்ன சுனாமி நம்ம கரைக்கு வந்திருக்கு. 1883 ஆகஸ்ட்ல கிரகடோவா எரிமலை வெடிச்சப்போ இன்னொண்ணு. ரெண்டையும் சென்னையில, நாகப்பட்டினத்துல இருந்த அலைமானிகள் பதிவு பண்ணியிருக்கு. கருவிக்கு ஞாபகம் இருந்துச்சு, மனுஷனுக்கு இல்ல.

2004ல நிலநடுக்கம் காலை 6:28க்கு. சில நிமிஷத்துல சென்னையிலயும் அதிர்வு தெரிஞ்சுது. வெளிய ஓடிவந்த ஜனங்க, ஒண்ணும் ஆகலன்னு உள்ள போயி காபி குடிச்சாங்க. மெரினாவுல நடக்கிறவங்க நடந்தாங்க, பசங்க கிரிக்கெட் ஆடினாங்க. முதல் அலை சென்னைத் துறைமுகத்துக்கு வந்தப்போ மணி ஒன்பதைத் தாண்டியிருந்துச்சு.

கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம்! ஆழ்கடல்ல சுனாமியோட வேகத்துக்குச் சுலபமான சூத்திரம் இருக்கு: ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கணும். 4,000 மீட்டர் ஆழத்துக்கு மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல வரும், விமான வேகம். ஆனா நில அதிர்வு அதைவிடப் பல மடங்கு வேகம். அதாவது தண்ணி வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே தரை வந்து தகவல் சொல்லிட்டுப் போயிடுச்சு. நமக்குத்தான் அந்தப் பாஷை தெரியல. ஹவாய்ல இருந்த எச்சரிக்கை மையம் பசிபிக் கடலுக்கானது. கால் மணி நேரத்துல அது விட்ட அறிவிப்புல அளவு 8.0ன்னும், பசிபிக்குக்கு ஆபத்து இல்லன்னும்தான் இருந்துச்சு.

பதினாலு நாடுகள்ல ரெண்டேகால் லட்சத்துக்கும் மேல செத்தாங்க. தமிழ்நாட்டுல மட்டும் சுமார் 8,000 பேர், அதுல பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம்.

ஆனா அதே சுமத்ராவுக்குப் பக்கத்துல, நிலநடுக்க மையத்துக்கு ரொம்பக் கிட்ட, சிமெலுவேன்னு ஒரு தீவு. எழுபதாயிரத்துக்கும் மேல ஜனம். எச்சரிக்கை மையம் கிடையாது, சைரன் கிடையாது. அலை வர்றதுக்கு ரெண்டரை மணி நேரம்கூட அவங்களுக்கு இல்ல, நிமிஷக் கணக்குதான். செத்தவங்க ஏழு பேர்.

காரணம், 1907ல அங்க ஒரு பெரிய சுனாமி வந்து நிறைய பேர் போயிட்டாங்க. தப்பிச்சவங்க அதுக்கு 'ஸ்மோங்'னு பேர் வெச்சு, பேரப்பிள்ளைகளுக்குத் தாலாட்டாவும் கதையாவும் சொல்லிக் குடுத்துட்டாங்க: தரை பலமா ஆடினா, கடல் உள்வாங்கினா, மலைக்கு ஓடு. 97 வருஷம் கழிச்சு அதை ஞாபகம் வெச்சு ஓடினாங்க.

* * *

சரி, பயந்தா மட்டும் போதுமா? அங்கதான் கதை சிக்கலாகுது.

2004 டிசம்பர் 30. சுனாமிக்கு நாலாவது நாள். இன்னொரு அலை வரலாம்னு மத்திய உள்துறை அமைச்சகத்துல இருந்து எச்சரிக்கை. நாகப்பட்டினம், கடலூர், சென்னைன்னு கடற்கரை முழுக்க ஜனம் ஓடுச்சு. நிவாரண வேலை செஞ்சிட்டிருந்தவங்களும் விட்டுட்டு ஓடினாங்க. மூலம் என்னன்னு பார்த்தா, நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிக்கிறோம்னு சொன்ன ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோட தகவல். அப்ப அறிவியல் தொழில்நுட்ப அமைச்சரா இருந்த கபில் சிபல் அன்னிக்கே அதுல உண்மை இல்லன்னு மறுத்தார். நிலநடுக்கம் இந்தத் தேதியில வரும்னு சொல்ல இன்னிக்கு வரைக்கும் யாராலயும் முடியாது. நடந்த நிலநடுக்கத்தால அலை வருமான்னுதான் சொல்ல முடியும். இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாத ஒரு அறிவிப்பு, பிணத்தைத் தேடிக்கிட்டிருந்தவனையும் ஓட வெச்சுது.

2005 மார்ச் 28. நியாஸ் தீவுப் பக்கம் 8.6. இந்திய நேரம் ராத்திரி 9:39. நம்ம ஊர்லயும் இலங்கையிலயும் தூக்கத்துல இருந்த குழந்தைகளைத் தூக்கிக்கிட்டு இருட்டுல ஓடினாங்க. நம்ம பக்கம் பெரிய அலை வரல. எழும்பின தரையில பெரும்பகுதி தீவுக்கும் ஆழம் குறைஞ்ச கடலுக்கும் அடியில இருந்ததால, நகர்ந்த தண்ணியோட அளவு கம்மி. ஆனா இலங்கையில அந்த ஓட்டத்துலயே பத்துப் பேர் செத்தாங்க. அலை கொல்லல, பயம் கொன்னுச்சு.

2012ல அதே மாதிரி பண்டா அச்சே. 2004ல பாதி ஊரைப் பறிகொடுத்த நகரம். தரை ஆடினதும் எல்லாரும் பைக்கையும் காரையும் எடுத்துக்கிட்டு ஒரே நேரத்துல ரோட்டுக்கு வந்து, ரோடே அடைச்சுக்கிச்சு. ஏறி நிக்கிறதுக்குன்னே கட்டின கட்டடங்கள் ஊருக்குள்ள இருந்தும் நிறைய பேர் நெரிசல்ல நின்னாங்க. சிலர் அதிர்ச்சியில மாரடைப்பு வந்து இறந்தாங்க. உண்மையாவே அலை வந்திருந்தா அந்த வரிசை என்னவாகியிருக்கும்னு நினைக்கவே பயமா இருக்கு.

இதையெல்லாம் பார்த்தா நண்பர் சொன்ன 'புலி வருது' சரின்னு தோணும். அதுக்கு பதில் ஹவாய்ல இருக்கு.

1946 ஏப்ரல் 1ல அலூஷியன் தீவுகள்ல கிளம்பின சுனாமி ஹவாய்ல 159 பேரைக் கொன்னுச்சு. முட்டாள்கள் தினம்னு சிலர் நம்பக்கூட இல்ல. அதுக்கப்புறம்தான் 1949ல எச்சரிக்கை மையம் ஆரம்பிச்சாங்க. அடுத்து வந்த பத்து வருஷத்துல சில தடவை சைரன் அடிச்சுது. ஹிலோ நகரத்துல 1946 மாதிரி எதுவும் நடக்கல. ஜனங்களுக்குப் பழகிடுச்சு.

1960 மே 22. சிலி நாட்டுல 9.5, பதிவானதுலயே பெரிய நிலநடுக்கம். ஹிலோவுல ராத்திரி எட்டரை மணிக்கு சைரன் அடிச்சாச்சு. பெரிய அலை வந்தது ஒரு மணிக்கு மேல. நாலரை மணி நேரம் கைல இருந்துச்சு! பின்னாடி விசாரிச்சப்போ கிட்டத்தட்ட எல்லாருமே சைரனைக் கேட்டிருக்காங்க, பாதிக்கும் குறைவானவங்கதான் கிளம்பியிருக்காங்க. சிலர் வேடிக்கை பார்க்கக் கரைக்கே போனாங்க. முதல்ல வந்த சின்ன அலையைப் பார்த்துட்டு, அவ்வளவுதான்னு சிலர் வீட்டுக்குத் திரும்பினாங்க. 61 பேர் போயிட்டாங்க. 2004ல நமக்கு மணி அடிக்க ஆளில்லை. அங்க மணி அடிச்சும் கேக்கல.

எங்க தொழில்லயும் இது நடக்கும். ஒரு டீம்ல ராத்திரி ஷிஃப்ட்ல சர்வரைப் பார்த்துக்கிற வேலை எனக்கு. ஏதாவது கோளாறுன்னா போன்ல அலாரம் அடிக்கும். பத்துல ஒன்பது சும்மா அடிக்கிறது. மூணு மாசத்துல ஒருத்தர் ஒருத்தரா அந்த அலாரத்தை அமுக்கி வெச்சுட்டோம். நாலாவது மாசம் ஒருநாள் விடிய விடிய சர்வர் கிடந்துச்சு, யாரும் எழுந்திரிக்கல. காலையில மேனேஜர்கிட்ட நாங்க சொன்ன பதில்: "தினமும் சும்மாதான் அடிக்கும் சார்." அங்க நஷ்டம் கொஞ்சம் பணம். ஹிலோவுல அதே பதிலைச் சொல்ல ஆள் இல்ல.

* * *

மறுபடி 2012க்கு வரேன். அடுத்த நாள் காலையில எங்க தெருவுல ஒரே கிண்டல். பாஸ்புக்கை மட்டும் எடுத்துக்கிட்டு ஓடினவர், குக்கரை அணைக்காம ஓடினவங்கன்னு ஒவ்வொருத்தரையும் ஓட்டிக்கிட்டிருந்தாங்க. அம்மாவுக்குக் கொஞ்சம் வெக்கம். பாட்டியை அப்படி அலைக்கழிச்சுட்டோமேன்னு.

அப்ப எங்க வீட்டுக்கு மீன் குடுக்கிற அம்மா வந்தாங்க. குப்பத்துல அவங்க முந்தின நாள் என்ன பண்ணாங்கன்னு அம்மா கேட்டாங்க. தரை ஆடின உடனே பிள்ளைங்களையும் வயசானவங்களையும் கூட்டிக்கிட்டு மெயின் ரோட்டைத் தாண்டிப் போயிட்டோம்னாங்க, டிவியில சொல்றதுக்கு முன்னாடியே. கடல் எப்படி இருக்குன்னு யாரும் போய்ப் பாக்கலையான்னு அம்மா கேட்டாங்க.

"பாக்கப் போனவங்கதாம்மா போனாங்க" அப்படின்னாங்க.

எனக்கு அப்ப புரியல. அவங்க போனதுக்கு அப்புறம் அம்மா சொன்னாங்க. 2004ல முதல் அலை வந்துட்டுப் போனதும் கடல் உள்வாங்கிடுச்சு, தரை தெரியுதுன்னு பசங்க பார்க்கப் போயிருக்காங்க. அதுல அவங்க மூத்த பையனும் ஒருத்தன். நம்ம கரையில கடல் முதல்ல ஏறிச்சு, அப்புறம்தான் உள்வாங்குச்சு. அடுத்து வந்த அலை பெருசு. தாய்லாந்துல முதல்லயே உள்வாங்குச்சு. எது முதல்லன்னு நம்ம கையில இல்ல. ஆனா ரெண்டு இடத்துலயும் வேடிக்கை பார்க்கப் போனவங்களுக்கு ஒரே முடிவுதான்.

அவங்க முந்தின நாள் எட்டு வருஷத்து வலியோட ஓடியிருக்காங்க. எந்த வழியா போகணும், எங்க நிக்கணும், யாரை யார் தூக்கணும்னு முடிவு பண்ணி வெச்சு ஓடியிருக்காங்க. நாங்க மூணாவது மாடியில இருந்துக்கிட்டு ஏறுறதா இறங்குறதான்னு தெரியாம நின்னோம். பயம் ரெண்டு பேருக்கும்தான். அவங்க பயத்துக்கு ஒரு வழி இருந்துச்சு.

கேன்டீன் நண்பருக்குச் சொல்ல நினைச்சது இதுதான். அந்த கம்சட்கா பக்கத்துல செவரோ-குரில்ஸ்க்னு ஒரு சின்ன ஊர். 1952 நவம்பர்ல அதே பகுதியில வந்த 9.0 நிலநடுக்கத்தோட சுனாமி அந்த ஊரையே துடைச்சுட்டுப் போச்சு. 2,000 பேருக்கு மேல செத்தாங்க, சோவியத் அரசு வெளிய சொல்லவே இல்ல. ஊரை மேட்டுல மறுபடி கட்டினாங்க. 2025ல அதே ஊர்த் துறைமுகத்துக்குள்ள தண்ணி புகுந்துச்சு. ஜனங்க முன்னாடியே மேட்டுக்குப் போயிட்டாங்க. யாரும் சாகல. ஜப்பான்ல 1.3 மீட்டர்ங்கிறது மட்டும்தான் நம்ம டிவிக்கு வந்துச்சு. புலி நிஜமாவே வந்த ஊர் அது. ஆள் இல்லாததால திரும்பிப் போயிடுச்சு.

பாட்டி இப்ப இல்ல. ஆனா அன்னிக்குச் சாயந்திரம் அவங்க முன்னாடி பேசி முடிவு பண்ணினதை வீட்டுல இன்னும் வெச்சிருக்கோம். ஆட்டம் நிக்கிற வரைக்கும் மேஜைக்கு அடியில. நின்னப்புறம் எச்சரிக்கை எந்தப் படின்னு பார்க்கணும். ஊரைக் காலி பண்ணச் சொன்னா, நடக்க முடியாதவங்க மொட்டை மாடி, மத்தவங்க கிழக்கால திரும்பிப் பாக்காம மேற்கால நடை, வண்டி கிடையாது. முதல் அலை போனதும் இறங்கக் கூடாது. யாரும் கடலைப் பார்க்கப் போகக் கூடாது.

டிஸ்கி: கடற்கரை ஊர்க்காரங்க இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுல அஞ்சு நிமிஷம் இதைப் பேசுங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி. 2012 ஏப்ரல் 11 மதியம் ரெண்டேகாலுக்கு நீங்க எங்க இருந்தீங்க? ஏறினீங்களா, இறங்கினீங்களா?